இருத்தலும் இரங்கலும்: புகையிரத நிலையங்களை மதிப்பிடல் பற்றிச் சில குறிப்புகள்

நூல்களையும் நாடகங்களையும் மதிப்பிடுவதற்கு நம்மிடையே ஓரளவு வளர்ச்சியடைந்த திறனாய்வு மரபொன்று உண்டு. ஆனால் நாளாந்தம் பலரும் பயன்படுத்தும் பொது இடங்களை மதிப்பிடும் முயற்சி தமிழில் அருகியே காணப்படுகின்றது. பாடசாலை, வைத்தியசாலை, சந்தை, புகையிரத நிலையம் ஆகியன பற்றி நாம் பேசுவது பெரும்பாலும் முறைப்பாடாகவோ திறப்புவிழாப் புகழுரையாகவோ அமைந்துவிடுகின்றது. இவ்விரண்டிற்கும் இடையில் நிதானமான மதிப்பீட்டுக்கு இடமுண்டு. ஒரு நிலையத்தில் நாளாந்தப் பிரயாணி எதனை மதிக்கின்றார், அந்த அளவுகோலைக் கொண்டு நோக்குமிடத்துத் திருகோணமலைப் புகையிரத நிலையமும் அதனைச் சார்ந்த பாதையும் எவ்விடத்தைப் பெறுகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். புகையிரத நிலையத்திற்கு வருவோர் இருவகையினர். ஆண்டுக்குச் சில தடவைகள் தொலைதூரம் செல்வோர் ஒரு வகையினர். வேலை, படிப்பு, வியாபாரம் ஆகியவற்றின் பொருட்டுக் காலையிற் சென்று மாலையில் மீள்வோர் மற்றொரு வகையினர். முதல் வகையினருக்கு நிலையம் ஒரு வாயில். அதன் தோற்றத்தையும் அவர்கள் கவனிப்பர், அங்கு ஒரு மணிநேரம் முன்னதாக வந்து அமர்ந்திருக்கவும் தயங்கார். இரண்டாம் வகையினருக்கோ நிலையம் வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடையிலுள்ள ஒரு படி. அப்படியில் வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் உறக்கத்திலிருந்தோ பிள்ளைகளோடு இருக்கும் நேரத்திலிருந்தோ கழிக்கப்படுகின்றது. எனவே இவ்விரு சாராரும் ஒரே நிலையத்தை ஒரே அளவுகோலால் அளப்பர் என எதிர்பார்த்தல் பொருந்தாது.

நாளாந்தப் பிரயாணியின் அளவுகோல் யாது? இலங்கையில் இதனை அறிவதற்குக் கொழும்பின் கடற்கரைப் பாதையே தகுந்த களமாகும். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை என ஓரிரு கிலோமீற்றருக்கு ஒன்றாக அமைந்த இந்நிலையங்களிற் கட்டடச் சிறப்பென்று எடுத்துக்கூறத்தக்கது அதிகமில்லை. கடற்காற்றின் உப்பினால் இரும்பு துருப்பிடிக்கின்றது. அலுவலக நேரத்தில் மேடையில் நிற்பதற்கும் இடம் போதாது. வண்டியின் வாயிலில் தொங்கிக்கொண்டு செல்வோரும் உளர். இருந்தும் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களுமாகப் பெருந்தொகையானோர் பருவகாலச் சீட்டை மாதந்தோறும் புதுப்பித்துக்கொண்டே வந்துள்ளனர். காரணங்கள் வெளிப்படையானவை. நிலையம் வீட்டிலிருந்து நடந்து செல்லக்கூடிய தூரத்தில் உள்ளது. ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்த வண்டி நெடுநேரம் செல்லுமுன் வந்துவிடும். காலி வீதியின் வாகன நெரிசலைப் புகையிரதம் அறியாது. பருவகாலச் சீட்டின் விலை சம்பளத்துக்குக் கட்டுப்படியானது. கட்டடத்தின் அழகு இந்த நிரலில் இடம்பெறுவதேயில்லை. கூரையும், விளக்கும், சுத்தமான கழிவறையும், பெண்கள் அச்சமின்றி நிற்கக்கூடிய சூழலும் அடுத்த படியில் இடம்பெறுகின்றன.

போக்குவரத்துப் பொருளியலாளர் பல நாடுகளிலும் கண்ட ஓர் உண்மை இதனோடு ஒத்துப்போகின்றது. வண்டிக்குள் கழியும் நிமிடத்தைவிட, வண்டிக்காகக் காத்திருக்கும் நிமிடத்தைப் பிரயாணிகள் கூடிய சுமையாக உணர்கின்றனர். இச்சுமையை ஏறக்குறைய இரு மடங்காகக் கொண்டு கணிப்பது அத்துறையிற் பொதுவழக்கு. அதாவது பத்து நிமிடக் காத்திருப்பு இருபது நிமிடப் பயணத்துக்குச் சமமாக மனத்தில் நிற்கின்றது. காத்திருப்பின் முடிவு எப்பொழுது என்பது தெரியாதவிடத்துச் சுமை மேலும் பெருகும்.

இவ்விடத்தில் நமது அகத்திணை மரபினை நினைவுகூர்தல் பொருத்தமாகும். முல்லைக்கு இருத்தலையும் நெய்தலுக்கு இரங்கலையும் உரிப்பொருளாக வகுத்தனர் முன்னோர். இரண்டும் பிரிவினை அடியாகக் கொண்டவை. இரண்டிலும் தலைவி காத்திருக்கின்றாள். பொதுப்படக் கூறின், முல்லையின் காத்திருப்புக்கு ஓர் எல்லை உண்டு. கார்காலம் வரும், அதனோடு தலைவனும் வருவான் என்ற உறுதியே அவளை ஆற்றியிருக்கச் செய்கின்றது. நெய்தலில் அவ்வுறுதி தளர்ந்துவிடுகின்றது. ஆதலின் ஆற்றியிருத்தல் இரங்கலாக மாறுகின்றது. கவிதைக்கு வகுத்த பாகுபாட்டைப் புகையிரத மேடைக்குப் பொருத்துவது மிகையெனச் சிலர் கருதலாம். ஆயினும் குறித்த காலம் தெரிந்த காத்திருப்பும் அது தெரியாத காத்திருப்பும் தன்மையில் வேறானவை என்ற நுட்பமான அவதானிப்பு நம்மவருக்குப் புதியதன்று. நல்ல நிலையம் பிரயாணியை இருத்தலில் வைத்திருக்கும். தீய நிலையம் அவரை இரங்கலுக்குள் தள்ளிவிடும்.

கட்டடத்தை முதன்மைப்படுத்தினால் யாது நிகழும் என்பதற்குச் சென்னை மாநகர் தக்க சான்று தருகின்றது. அங்கு கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையில் 1931 ஆம் ஆண்டிலேயே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி முதலிய நிலையங்கள் அப்பாதையில் உள்ளன. மாம்பலம் நிலையத்தின் வாயிலிலிருந்து இரங்கநாதன் தெருவின் கடைகள் தொடங்கிவிடுகின்றன. அந்நெரிசலை யாரும் அழகென்று கூறமாட்டார்கள். எனினும் வேலை முடிந்து திரும்பும் ஒருவர் காய்கறியும் துணியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கலாம். இதற்கு மாறாக, 1995 இல் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரையிலும், 1997 இல் மயிலாப்பூர் வரையிலும், 2007 இல் வேளச்சேரி வரையிலும் திறக்கப்பட்ட பறக்கும் இரயில் பாதையின் நிலையங்கள் மிகப் பெரியவை. வணிக நிலையங்களுக்கென ஒதுக்கப்பட்ட விசாலமான தளங்கள் அவற்றிற் பல ஆண்டுகளாக வெறுமையாகவே கிடந்தன. உயர்ந்த படிகள், இருண்ட மண்டபங்கள், பஸ் வழிகளோடு சரியாக இணையாத வாயில்கள் ஆகியன காரணமாக எதிர்பார்த்த அளவு பிரயாணிகள் நெடுங்காலம் வரவில்லை. ஆளரவமற்ற மண்டபத்தினூடாக இரவில் தனியே நடந்துசெல்ல நேரும் பெண்ணுக்கு அக்கட்டடத்தின் பிரமாண்டம் அச்சத்தையே தரும். சிறிய மாம்பலம் வென்றது, பெரிய மண்டபங்கள் தோற்றன என்று இதனைச் சுருக்கிக் கூறலாம்.

இனித் திருகோணமலைக்கு வருவோம். இலங்கையின் புகையிரதப் பாதைகள் யாவும் உள்ளூர்ப் பிரயாணியை மனங்கொண்டு அமைக்கப்பட்டவையல்ல என்பது வரலாறு அறிந்தோர் ஒப்புக்கொள்ளும் உண்மை. 1864 இல் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடிய முதல் வண்டிக்கும், பின்னர் கண்டி வரை நீண்ட பாதைக்கும் கோப்பித் தோட்டங்களே தூண்டுதலாயின. கல்லோயாச் சந்தியிலிருந்து பிரிந்து கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா வழியாகத் திருகோணமலையை அடையும் பாதை 1927 இல் திறக்கப்பட்டது. பிரித்தானியக் கடற்படை 1957 வரை தளமாகக் கொண்டிருந்த இயற்கைத் துறைமுகத்தின் முக்கியத்துவத்தை விடுத்து இப்பாதையை விளங்கிக்கொள்ளல் இயலாது. துறைமுகத்தைத் தலைநகரோடு இணைப்பதே அதன் முதன்மைப் பணி. இடையிலுள்ள ஊர்கள் வழியில் வந்தவை.

அந்தத் தோற்றுவாயின் முத்திரை இன்றும் மறையவில்லை. நெடுங்காலமாக இப்பாதையின் முதன்மை வண்டியாக விளங்கிவந்தது கொழும்புக்கான இரவு வண்டியாகும். மாலையில் திருகோணமலையை விட்டுப் புறப்பட்டு விடியுமுன் கொழும்பை அடைவது அதன் ஒழுங்கு. கொழும்பில் அலுவல் உள்ளவருக்கும், விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவருக்கும், கோணேசர் ஆலயத்தைத் தரிசிக்க வருவோருக்கும் இது பெரிதும் உதவியது. பகலில் ஓடும் வண்டிகள் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்குவன. ஆகவே கந்தளாயில் வாழ்ந்து நகரில் வேலை செய்யும் ஒருவரின் நாளையும் இந்நேர அட்டவணையையும் அருகருகே வைத்து நோக்கினால், இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை என்பது புலனாகும். அட்டவணையின் முகம் கொழும்பை நோக்கியிருக்கின்றது. பிரயாணியின் முகம் திருகோணமலையை நோக்கியிருக்கின்றது.

நிலையத்தின் அமைவிடமும் கவனத்திற்குரியது. சந்தையும் பஸ் நிலையமும் உள்ள நகரின் நடுப்பகுதியிலிருந்து அது வடமேற்கே சற்று விலகியே உள்ளது. தொலைதூரப் பிரயாணிக்கு இது ஒரு பொருட்டன்று. பொதிகளோடு முச்சக்கரவண்டியில் ஏறிவிடுவார். நாளாந்தப் பிரயாணிக்கோ தினமும் இருமுறை முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கும் காசு, புகையிரதக் கட்டணத்தின் மலிவை விழுங்கிவிடும். வண்டியின் வருகைக்கு இசைந்து நகர நடுவுக்குச் செல்லும் பஸ் ஒன்று நிலைய வாயிலில் நிற்குமாயின் இக்குறை பெருமளவு நீங்கும். இதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. இரு திணைக்களங்கள் தமக்குள் பேசிக்கொள்வதே தேவை.

இதற்கு எதிராகக் கூறத்தக்க வாதம் வலுவற்றதன்று. திருகோணமலை கொழும்பைப்போலச் சனநெருக்கமுள்ள நகரமன்று. கண்டி வீதியில் பஸ்கள் அடிக்கடி ஓடுகின்றன. நட்டத்தில் இயங்கும் திணைக்களம் ஆளில்லா வண்டிகளை ஓட்டுவது பொதுப்பணத்தை விரயமாக்கும் என்று கூறுவர். பஸ் விரும்பிய இடத்தில் நிற்கும் என்பதும் உண்மையே. எனினும் இவ்வாதத்தில் ஒரு சுழற்சி மறைந்துள்ளது. வண்டி இல்லாமையால் பிரயாணி வருவதில்லை. பிரயாணி வராமையால் வண்டி விடப்படுவதில்லை. இச்சுழற்சியின் விளைவைத் தேவையின்மைக்குச் சான்றாகக் காட்டுதல் தருக்கமுறைக்கு ஒவ்வாது.

தேவை உண்டென்பதற்கான அறிகுறிகள் நிலத்திலேயே உள்ளன. சீனன்குடாவைச் சூழ மாவாலை, சீமெந்துத் தொழிற்சாலை, எண்ணெய்க் குதங்கள், விமானப்படைத் தளம் ஆகியன அமைந்துள்ளன. அங்கிருந்து கோதுமை மா ஏற்றிச் செல்லும் சரக்கு வண்டிகளுக்கு இப்பாதை பயன்பட்டு வந்துள்ளது. தம்பலகாமத்தின் வயல்வெளிகளும் கந்தளாய்க் குளத்தின் கீழான குடியேற்றங்களும் நகரின் சந்தையோடும் பாடசாலைகளோடும் வைத்தியசாலையோடும் நாளாந்தத் தொடர்புடையவை. மூவினத்தவரும் அடுத்தடுத்து வாழும் பிரதேசம் இது. போர்க்காலத்தில் தடைப்பட்ட பயணங்களையும், வீதியில் இறங்குவதற்கே அஞ்சிய ஆண்டுகளையும் கண்ட மக்களுக்கு, ஒரே பெட்டியில் அருகருகே அமர்ந்து வேலைக்குச் சென்று மீளும் பழக்கம் சிறிய விடயமன்று. மாவை ஏற்றிச் செல்ல இயலும் பாதையில் அதனை அரைக்கும் தொழிலாளியை ஏற்றிச் செல்ல இயலாதென்பது விளக்கம் வேண்டி நிற்கும் முரண்பாடாகும். காலையில் கந்தளாயிலிருந்து நகருக்கும் மாலையில் நகரிலிருந்து கந்தளாய்க்கும், பாடசாலை மற்றும் அலுவலக நேரங்களுக்கு இசைய, சில பெட்டிகள் மாத்திரம் கொண்ட வண்டியொன்றினை ஓராண்டேனும் தவறாது ஓட்டிப் பார்த்த பின்னரே தேவை உண்டா இல்லையா என்ற வினாவுக்கு நேர்மையான விடை கிடைக்கும்.

தவறாது என்ற சொல்லை இங்கு அழுத்திக் கூறல் வேண்டும். ஒருநாள் வந்து மறுநாள் வராத வண்டியை நம்பி எவரும் தமது வேலையைப் பணயம் வைக்கமாட்டார். வண்டி தாமதமாகும் நாளும் உண்டு. அதனைப் பிரயாணிகள் பொறுத்துக்கொள்வர். எவ்வளவு தாமதம் என்று சொல்லப்படாமையையே அவர்களாற் பொறுக்க இயலாது. இவ்விடத்தில் மொழிப் பிரச்சினையும் வந்து சேர்கின்றது. எமது நிலையங்களின் பெயர்ப்பலகைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளில் அமைந்துள்ளன. 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் ஊரின் பெயரைப் பிரயாணி ஏற்கனவே அறிவார். அவருக்கு உண்மையில் வேண்டியது, இன்று வண்டி எத்தனை மணிக்கு வரும், எந்த மேடைக்கு வரும், வராதாயின் வேறு வழி என்ன என்ற செய்தியேயாகும். பலகையிலுள்ள தமிழ் ஓர் உரிமையை நினைவூட்டுகின்றது. தாமதத்தை அறிவிக்கும் தமிழே அவ்வுரிமையைப் பயன்படுத்தச் செய்கின்றது. இலங்கையின் எந்த நிலையத்தையும் தமிழ்ப் பிரயாணியின் நோக்கிலிருந்து மதிப்பிடும்போது இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது.

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், நாளாந்தப் பிரயாணி வேண்டுவன மிகச் சிலவே என்பது தெளிவாகும். நடந்து எட்டக்கூடிய நிலையம், தன் நாளோடு பொருந்தும் வண்டி, தாமதத்தைத் தன் மொழியில் அறியும் வசதி, மழைக்குக் கூரை, இருளுக்கு விளக்கு ஆகியவையே அவை. இவற்றுள் பெருஞ்செலவை வேண்டுவது எதுவுமில்லை. தொலைதூரப் பிரயாணிக்குரிய நிலையம் என்ற வகையில் திருகோணமலை நிலையம் தன் பணியை நெடுங்காலம் ஆற்றி வந்துள்ளது. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் நியாயமாகாது. ஆனால் தன்னைச் சூழ வாழும் மக்களின் நாளாந்த வாழ்வுக்குள் அது இன்னும் நுழையவில்லை. துறைமுகத்துக்கென வந்த பாதை துறைமுகத்து மக்களுக்கும் உரியதாக வேண்டுமாயின், அடுத்த திருத்தம் கட்டடத்தில் அல்லாது நேர அட்டவணையில் தொடங்குதல் வேண்டும். நெய்தல் நிலத்து நிலையத்தில் நிற்போருக்கும் முல்லையின் உறுதி கிட்டுதல் வேண்டும்.