பாடும் பங்கும்

புதுச்சேரிக் கடற்கரையில் உள்ள எங்கள் வைத்திக்குப்பத்தில் 'பாடு' என்றால் மீன். கடலுக்குப் போய்த் திரும்பியவரிடம் "இன்னைக்குப் பாடு எப்படி?" என்று கேட்டால், வலையில் எவ்வளவு விழுந்தது என்று பொருள். பாட்டைப் பற்றிக் கேட்பதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கோயில் திருவிழா இரவில் இந்த இரண்டு பாடும் ஒன்றாகிவிடும் நேரம் ஒன்று உண்டு. மெல்லிசைக் குழுவின் கச்சேரி நள்ளிரவைத் தாண்டும். முன்வரிசைப் பிள்ளைகள் மணலிலேயே தூங்கிப்போயிருப்பார்கள். அப்போது பாடகர் 'சுராங்கனி' என்ற பெயரை மைக்கில் இழுப்பார். தூங்கிய பிள்ளைகள் எழுந்து ஆடத் தொடங்கும். சுராங்கனி என்ற பெண்ணுக்கு மீன் கொண்டுவந்திருப்பதாக ஒருவன் சொல்லும் பாட்டு அது. பல்லவி சிங்களத்தில். சிங்களம் அறியாத ஒரு குப்பம் முழுவதும் அந்தப் பல்லவியைத் தன் சொந்தப் பாட்டாகத் திருப்பிப் பாடும்.

இது யாருடைய பாட்டு? குப்பத்துப் பெரியவர்களைக் கேட்டால் சிலோன் மனோகர் பாட்டு என்பார்கள். அவர்களைவிட இளையவர்கள் இளையராஜா பாட்டு என்பார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அது கச்சேரிக்காரர் பாட்டு. மூன்று பதிலிலும் உண்மை இருக்கிறது. மூன்றிலும் யாரோ ஒருவர் விடுபட்டும் போகிறார். பிறர் பாட்டை எடுத்துப் பாடிப் பேர் வாங்கும் வழக்கத்தை, இப்போது எல்லோரும் 'கவர்' என்று சொல்லும் அந்த வழக்கத்தை, எடைபோட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பாட்டின் வேர் இலங்கையின் பைலாவில் இருக்கிறது. 1505இல் இலங்கைக் கரையில் இறங்கிய போர்த்துகீசியர் 1658இல் வெளியேறினார்கள். அவர்கள் விட்டுச் சென்ற ஆட்ட இசையும், அவர்கள் கொண்டுவந்து குடியேற்றிய ஆப்பிரிக்க மக்களின் தாளமும், சிங்கள நாட்டார் சொல்லும் கலந்து பிறந்தது பைலா. அந்தச் சொல்லே நடனத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. 1960களின் பிற்பகுதியில் ஈழத்துத் தமிழ் இளைஞர்கள் கிட்டாரோடு இந்தத் தாளத்தைத் தமிழுக்கு எடுத்து வந்தார்கள். அதைப் பொப்பிசை என்றும் துள்ளிசை என்றும் அழைத்தார்கள். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' அந்த அலையில் வந்ததுதான். சிலோன் மனோகர் என்று நாம் அழைக்கும் ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' அதைவிடத் தூரம் போனது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு நம் கரையோர ஊர்களில் பக்கத்து வீட்டு வானொலிபோல் கேட்ட காலம் அது. பாட்டு அலைவரிசையில் ஏறிக் கடல் தாண்டியது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவின் இசையில் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் பாடியபோது, வானொலி இல்லாத வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

கடலுக்கு அப்பால் வெகு தொலைவில் இதற்கு ஓர் அண்ணன் உண்டு. 1960களின் அமெரிக்காவில் பதின்வயதுப் பையன்கள் வீட்டுக் கார் கொட்டகையில் கூடி, மலிவான கிட்டாரும் டிரம்ஸும் வைத்துப் பாடிப் பழகினார்கள். அதனாலேயே அந்த இசைக்கு 'கராஜ் ராக்' என்று பிற்காலத்தில் பெயர் வந்தது. அவர்களில் போர்ட்லாந்து நகரத்துக் குழு ஒன்று, 'தி கிங்ஸ்மென்'. 1963 ஏப்ரலில், ஏறத்தாழ 50 டாலர் செலவில், ஒரே மூச்சில் 'லூயி லூயி'யைப் பதிவுசெய்தார்கள். ஒலிவாங்கி தலைக்கு மேலே தொங்கியது. குழுவின் பாடகர் ஜாக் ஈலி அண்ணாந்து கத்திப் பாடினார். பல்லில் கம்பி கட்டியிருந்ததால் சொல் சரியாக எழவில்லை. கிட்டார் தனியிசை முடிந்ததும் ஓர் இடத்தில் முந்தி நுழைந்து, சட்டென நிறுத்திக்கொண்டார். அந்தத் தவறு இசைத்தட்டிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் பில்போர்டு பட்டியலில் பாட்டு இரண்டாம் இடம் வரை ஏறியது. அவர்கள் வேறு பாட்டுகளும் தந்தார்கள். உலகம் நினைவில் வைத்தது இந்த ஒன்றைத்தான்.

சொல் புரியாததால் அதில் ஆபாசம் ஒளிந்திருப்பதாக ஊரெல்லாம் பேச்சு. 1964இல் இண்டியானா மாநில ஆளுநரே அதை ஒலிபரப்ப வேண்டாம் என்று வானொலிக்காரர்களைக் கேட்டுக்கொண்டார். எஃப்.பி.ஐ. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் துருவியது. தட்டை எந்த வேகத்தில் சுழற்றினாலும் சொல் விளங்கவில்லை என்று முடித்தது. பாடிய ஜாக் ஈலியை அவர்கள் ஒருமுறைகூட விசாரிக்கவில்லை. பாட்டின் உண்மையான பொருளோ மிக எளியது: தன் பெண்ணைப் பார்க்கக் கடல் கடந்து ஜமைக்காவுக்குப் போக வேண்டும் என்று ஒரு மாலுமி சொல்கிறான்.

ஒன்று காதலிக்கு மீன் கொண்டுவருபவனின் பாட்டு, மற்றொன்று காதலியைத் தேடிக் கப்பலேறுபவனின் பாட்டு. இரண்டிலும் கடல் இருக்கிறது. இரண்டையும் சொல் புரியாமலே மக்கள் பாடினார்கள். இரண்டுமே ஒருவரிடமிருந்து இன்னொருவர் எடுத்துப் பாடிப் பரவியவை. இந்த மூன்று ஒற்றுமையிலும் கவர் வழக்கத்தின் பலமும் பழுதும் சேர்ந்தே தெரிகின்றன.

முதலில் பலம். எடுத்துப் பாடுவதுதான் எளியவனின் இசைக் கல்லூரி. குரு வைத்துக் கற்கவும் கருவி வாங்கவும் வசதியில்லாத பையன், ஊருக்குத் தெரிந்த பாட்டைப் பாடித்தான் மேடைக் கூச்சம் தெளிகிறான். எந்தச் சுருதியில் எடுத்தால் தன் குரல் நிற்கும் என்பதையும், கூட்டம் எங்கே கை தட்டும் என்பதையும் அங்கேதான் அறிகிறான். நம் மெல்லிசைக் குழுக்களிலிருந்து திரைக்குப் போன பாடகர்களும் வாத்தியக்காரர்களும் எத்தனையோ பேர். இளையராஜாவும் அவர் அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில், தெரிந்த மெட்டுகளில் பிரசாரப் பாட்டு பாடி ஊர் ஊராகச் சுற்றியவர்தான்.

இரண்டாவது, எடுத்துப் பாடும்போது பாட்டு வளர்கிறது. 'லூயி லூயி'யை எழுதிய ரிச்சர்ட் பெர்ரி 1957இல் அதை மென்மையாக, கலிப்சோ நடையில் பாடினார். அதில் திரும்பத் திரும்ப வரும் இசையடியும் ரெனே தூசே என்ற கியூபா இசைக்காரரின் சா சா சா மெட்டிலிருந்து வந்தது. அந்த மென்மையை உடைத்து முரட்டு ஒலியாக்கியது அந்தப் பையன்களின் திறமைக்குறைவும் அவசரமும் சேர்ந்துதான். கற்றுத் தேர்ந்த குழு பாடியிருந்தால் திருத்தமாக இருந்திருக்கும். இத்தனை காலம் நின்றிருக்குமா என்பது சந்தேகம். 'சுராங்கனி'யும் அப்படித்தான். பைலாவின் ஆட்டத்தோடு நம் பறையும் தவிலும் அறிந்த உடம்பு சேர்ந்தபோது, அது வேறொரு துள்ளலைப் பெற்றது.

மூன்றாவதை எங்கள் கடற்கரை நன்றாக அறியும். பெரிய வலை இழுக்கும்போது ஒருவர் அடி எடுத்துக்கொடுக்க, மற்றவர் 'ஏலேலோ', 'ஐலசா' என்று ஏற்றுப் பாடுவது அம்பாப் பாட்டு. ஏற்றுப் பாடுகிற சொல்லுக்கு அகராதிப் பொருள் கிடையாது. அதன் பொருள் கயிற்றில் இருக்கிறது. எல்லாக் கையும் ஒரே நொடியில் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். 'சுராங்கனி'யின் அமைப்பும் இதே எடுப்பும் ஏற்பும்தான். அதனால்தான் மொழி தெரியாத குப்பம் அதைக் கேட்டவுடன் பிடித்துக்கொண்டது. அம்பாவுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. எல்லோரும் எடுத்துப் பாடுவதுதான் அதன் உயிர்.

இங்கேதான் நான் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அம்பாவுக்கு ஆசிரியர் இல்லை. அதை விற்றுப் பணம் சேர்ப்பவரும் இல்லை. தட்டிலும் திரையிலும் கைப்பேசியிலும் ஓடும் பாட்டின் நிலை அப்படியல்ல. அங்கே காசு புரள்கிறது. அந்தப் பாட்டையும் அம்பாவைப் போல யாருக்கும் சொந்தமற்றது என்று நினைத்துக்கொள்வதில்தான் பழுது தொடங்குகிறது.

ரிச்சர்ட் பெர்ரி தன் திருமணச் செலவுக்காக 1959இல் பாட்டின் உரிமையை 750 டாலருக்கு விற்றார். நான்கு ஆண்டு கழித்து அது அமெரிக்கா முழுவதும் ஒலித்தபோது அவர் கைக்கு ஏறக்குறைய ஒன்றும் வரவில்லை. 1980களில் அரசு உதவித்தொகையில் வாழ்ந்துகொண்டிருந்தவருக்கு, வழக்கறிஞர்களின் முயற்சியால்தான் உரிமை திரும்பியது. பாடிய ஜாக் ஈலியின் நிலையும் மேலல்ல. பாட்டு ஏறத் தொடங்குமுன்பே குழுவுக்குள் பிளவு வந்தது. டிரம்ஸ் வாசித்த லின் ஈஸ்டன் குழுவின் பெயர் தன் குடும்பத்தின் பேரில் பதிவாகியிருப்பதைக் காட்டி, இனி நானே பாடுவேன் என்றார். ஈலி வெளியேறினார். அதன்பின் தொலைக்காட்சியில் ஈலியின் குரல் ஒலிக்க, ஈஸ்டன் வாயசைத்தார். ஈலி வழக்காடிப் பெற்றவற்றில் முக்கியமானது ஒரு சிறு வரி: தட்டின் முகப்பில், பாடியவர் ஜாக் ஈலி என்று அச்சிட வேண்டும்.

நம் பக்கத்திலும் இதே நோவு உண்டு. மனோகரன் நடிகரும்கூட. செங்கை ஆழியானின் மீனவர் நாவலைத் தழுவி 1978இல் இலங்கையில் வந்த 'வாடைக்காற்று' படத்தில் நடித்தார். தமிழகம் வந்து பல படங்களில் வில்லனாகத் தோன்றினார். 2018 ஜனவரியில் அவர் சென்னையில் மறைந்தபோது, பெரும்பாலானோர் சொன்னது ஒரே பாட்டைத்தான். ஒரு பாட்டு ஒருவரைத் தூக்கி நிறுத்துவதும் உண்டு. அவர் செய்த மற்றதையெல்லாம் மூடிவிடுவதும் உண்டு.

இதைவிட எனக்கு வலிப்பது வேறொன்று. தமிழகத் திரையரங்குகள் ஒரு சிங்களப் பல்லவியைக் கொண்டாடிய அதே 1977இல்தான் இலங்கையில் தமிழர்மீது கொடிய வன்முறை நடந்தது. அந்தப் பாட்டில் இரண்டு மொழிகள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு ஆடுகின்றன. ஆனால் அது சிங்களம் என்பதும், அதற்கு ஒரு மரபு உண்டு என்பதும் நம் மேடைகளில் சொல்லப்படவே இல்லை. வேர் தெரியாமல் பாடியதால் பாட்டு நமக்குக் கற்றுத் தந்திருக்கக்கூடிய ஒன்று கைநழுவிப் போனது. பாட்டில் வரும் பெண்ணையும் அப்படியே ஏற்றுக்கொண்டோம். அவள் மீனுக்காகக் காத்திருப்பவள். எங்கள் குப்பத்துப் பெண் காத்திருப்பதில்லை. கரையில் ஏலம் எடுத்து, கூடையில் ஏற்றி, குபேர் அங்காடிக்குக் கொண்டுபோய் விற்று, வீட்டை நடத்துபவள் அவள். எடுத்துப் பாடிய குழுக்களில் ஒன்றாவது அவளுக்காக ஒரு சரணம் சேர்த்திருக்கலாம்.

பழைய கதை என்று இதை ஒதுக்க முடியாது. 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' உலகெங்கும் ஓடியது. அதை எழுதிப் பாடிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பட்ட பாட்டின் நினைவு அதற்குள் இருக்கிறது. ஆனால் அதே ஆண்டு ஓர் இசை இதழின் அட்டையில் அறிவின் முகம் இல்லாததும், யார் பங்கு எவ்வளவு என்று எழுந்த விவாதமும் நாம் அறிந்தவை. 2024இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஊரெல்லாம் பாடிய பாட்டு, ஆக்கியவர் வீட்டுக்கு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டது. அதன்படி ஒரு பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, முன்கூட்டி அறிவித்து உரிமத்தொகை செலுத்தி எவரும் கவர் வெளியிடலாம். மதச் சடங்கிலும் திருமண ஊர்வலத்திலும் பாடுவதற்கு விலக்கு உண்டு. எளியவனின் மேடையைச் சட்டம் மூடிவிடவில்லை, அது சரியே. அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது: உரிமையை விற்றுவிட்டாலும், இது என் ஆக்கம் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஆக்கியவரிடமே இருக்கும். காசை விற்கலாம், பெயரை விற்க முடியாது என்பதே இதன் சாரம். ஆனால் நம் மேடைகள் முதலில் விடுவது பெயரைத்தான். படத்தின் பெயரும் நடிகர் பெயரும் அறிவிப்பாகின்றன. எழுதியவரையும் மெட்டமைத்தவரையும், பாட்டு எந்த மரபிலிருந்து வந்தது என்பதையும் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை நாம் கொடுப்பதில்லை.

ஆகவே எடுத்துப் பாடுவதை நிறுத்தச் சொல்வது என் முடிவல்ல. நிறுத்தினால் பாட்டும் சாகும், அடுத்த பாடகனும் பிறக்கமாட்டான். 'லூயி லூயி'யைக் காப்பாற்றியது பெர்ரியின் தட்டு அல்ல, அதைத் தப்பும் தவறுமாகப் பாடிய பையன்கள். பெயரைக் கழற்றிவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துச் செல்லும் பழக்கத்தைத்தான் கைவிட வேண்டும்.

இதற்கு வழி தேடி வெளியூர் போக வேண்டாம். வைத்திக்குப்பம் கரையில் படகு ஒதுங்கியதும் நடப்பதைப் பார்த்தால் போதும். மீன் ஏலம் போகும். டீசல் செலவு கழியும். மிச்சத்தில் படகுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, கடலுக்குப் போன ஒவ்வோர் ஆளுக்கும் பங்கு. அன்றைக்கு ஒருவர் கரையிலேயே இருந்தாலும், வலை அவருடையதென்றால் பங்கு அவர் வீட்டுக்குப் போகும். எவர் வேண்டுமானாலும் வாங்கிச் சமைக்கலாம். ஆனால் யார் வலையில் விழுந்தது என்பதைக் கரை மறப்பதில்லை.

அடுத்த திருவிழாவில் அந்தப் பாட்டு எங்கள் மணலில் மறுபடி ஒலிக்கும். ஒலிக்கத்தான் வேண்டும். பாடகர் அந்தப் பெயரை இழுப்பதற்கு முன், இது சிங்கள பைலா, ஈழத்து மனோகரன் வழியாக நம்மிடம் வந்தது என்று ஒரு வாக்கியம் சொல்லட்டும். பாட்டுக்கு உரிய முதல் பங்கு அது.