முதுகுவலியும் 'விலகல்' என்ற தீர்ப்பும்

பாபநாசம் வட்டாரத்தில் நடவுக்குப் போகும் பெண்களிடமும், நெல் கொள்முதல் நிலையங்களில் மூட்டை தூக்குபவர்களிடமும் தீராத முதுகுவலியைப் பற்றிக் கேட்டால், "ஜவ்வு விலகிடுச்சுன்னுட்டாங்க" என்ற பதிலை அடிக்கடி கேட்கலாம். சுளுக்கு எடுப்பவர் எலும்பு பிசகிவிட்டது என்பார். இன்னொருவர் இடுப்பு ஒருபக்கம் ஏறியிருக்கிறது என்பார். கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ எடுத்த ஸ்கேன் அறிக்கை டிஸ்க் பிதுங்கியிருப்பதாகச் சொல்லும். வைத்தியம் எதுவானாலும் அடியில் உள்ள நம்பிக்கை ஒன்றுதான்: உடம்பில் ஏதோ இடம்பெயர்ந்திருக்கிறது, அதைப் பழைய இடத்தில் வைத்தால் வலி போய்விடும்.

இதற்கு நேர் எதிரான கட்சி மனம்-உடல் சிகிச்சை. இதைப் பரவலாக்கிய நியூயார்க் மருத்துவர் ஜான் சார்னோ, 1991இல் வந்த தம் நூலில், நாட்பட்ட முதுகுவலியில் பெரும்பகுதி அமுக்கிவைத்த கோபமும் பதற்றமும் உடம்பில் காட்டும் வேலை என்றார். வளைவு, தேய்மானம், விலகல் எல்லாம் வயதோடு வரும் சாதாரண மாற்றங்கள். அவற்றைச் சரிசெய்ய அலைவதை நிறுத்திவிட்டு, பயமில்லாமல் வழக்கமான வேலைக்குத் திரும்புங்கள் என்பது அவர் அறிவுரை.

இந்த வாதத்தின் பலம் கண்கூடானது. முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்து 1994இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஓரிடத்திலாவது டிஸ்க் பிதுங்கியிருந்தது. வலியில்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு ஆய்வு, டிஸ்க் தேய்மானம் 20 வயதினரிலேயே 37 சதவீதத்தினருக்கும், 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் இருப்பதாகக் கணித்தது. கால் நீள வேறுபாடும் இப்படித்தான். பத்தில் ஒன்பது பேருக்கு இரு கால்களும் ஒரே நீளமில்லை. வேறுபாடு சுமார் 2 செ.மீ. எட்டும்வரை பெரும்பாலோருக்கு அது பொருட்டில்லை என்று 2005இல் வந்த ஒரு மதிப்பாய்வு முடிவுசெய்தது. அப்படியானால் வலி உள்ளவரின் படத்தில் ஒரு பிதுக்கம் தெரிவதால் மட்டும் அதையே குற்றவாளி ஆக்க முடியாது.

சுளுக்கு எடுக்கும்போது வரும் 'சொடக்' ஒலியும் எலும்பு தன் இடத்துக்குத் திரும்பும் ஓசை அல்ல. மூட்டு நீரில் உருவாகும் வாயுக்குழியோடு தொடர்புடையது. கை பட்டதும் கிடைக்கும் ஆறுதல் உண்மைதான். ஆனால் எலும்பை ஏற்றிவைத்ததால்தான் சரியானது என்ற விளக்கம், எப்போது மறுபடி இறங்குமோ என்ற அச்சத்தையும் சேர்த்தே கொடுத்தனுப்புகிறது. அச்சம் வந்தவர் குனியத் தயங்குகிறார், தசைகளை இறுக்கியே வைத்திருக்கிறார், தூக்கம் கெடுகிறது. நரம்பு மண்டலம் சின்ன அசைவையும் ஆபத்தாக எடுத்துக்கொண்டு வலியைப் பெருக்குகிறது.

இந்த அச்சத்தைக் குறிவைத்த சிகிச்சையை அமெரிக்காவின் கொலராடோவில் 151 பேரிடம் சோதித்தார்கள். முடிவு 2021இல் வெளியானது. நான்கு வாரச் சிகிச்சைக்குப் பின், அதைப் பெற்றவர்களில் 66 சதவீதத்தினர் வலியின்றி, அல்லது ஏறத்தாழ வலியின்றி இருந்தார்கள். போலி ஊசி போட்டுக்கொண்டவர்களில் அது 20 சதவீதம். வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தவர்களில் 10 சதவீதம். யாருடைய முதுகெலும்பையும் யாரும் நிமிர்த்தவில்லை.

இனி குறைகள். தசைகளுக்கு ரத்த ஓட்டம் குறைவதே வலிக்குக் காரணம் என்ற சார்னோவின் விளக்கம் நிறுவப்படவில்லை. கொலராடோ சோதனையில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் படித்த, நடுத்தர அளவு வலி உள்ளவர்கள். முதுகைவிடக் காலில் அதிக வலி உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. அந்த முடிவை நடவு வயலுக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

ஏனென்றால் இங்கே மனம், விலகல் இரண்டையும் தவிர மூன்றாவது ஒன்று இருக்கிறது: சுமை. சேற்றில் இடுப்பை மடித்துப் பின்னோக்கி நகர்ந்தபடி நாள் முழுக்க நாற்று ஊன்றும் பெண்ணிடம், "உன் வலி உன் மனத்தில்தான் இருக்கிறது" என்பது அறியாமை மட்டுமல்ல, அநீதியும்கூட. 40 கிலோ மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டே இருப்பவருக்கும் அதுவே பொருந்தும். அவர்கள் முதுகு கோணிப்போகவில்லை, களைத்துப்போயிருக்கிறது. கூலி, கடன், அடுத்த போகத்துக்கு உடம்பு தாங்குமா என்ற கவலை எல்லாம் அந்தக் களைப்பின் மேல் ஏறி உட்காருகின்றன. உழைப்பின் பாரத்தைப் பேசாத மனச்சிகிச்சை பாதிக் கிணறு தாண்டியதுதான்.

அமைப்புக்கோளாறே உண்மையான காரணமாக இருக்கும் இடங்களும் உண்டு. கால் பலமிழப்பது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றிப் போவது ஆகியவை நரம்பு நசுங்குவதன் அறிகுறிகளாக இருக்கலாம். காய்ச்சல், எடைக்குறைவோடு வரும் முதுகுவலியில் முதுகெலும்புக் காசநோயை நம் நாட்டில் மறக்கவே கூடாது. வளரும் பிள்ளைகளின் பக்கவளைவைக் கவனிக்காமல் விட்டால் அது கூடிக்கொண்டே போகலாம். இவற்றுக்கெல்லாம் முதலில் தேவை மருத்துவர், மனப்பயிற்சி பிறகுதான்.

ஆகவே என் முடிவு இது: ஆபத்தான காரணங்கள் இல்லை என்று பரிசோதித்து உறுதியான பிறகு, சிறு விலகலைத் துரத்துவது வீண். மனம்-உடல் சிகிச்சை அங்கே சரியான பக்கத்தில் நிற்கிறது. ஆனால் தனியாக நிற்க அதற்குத் தெம்பு போதாது. பயம் தெளிய வேண்டும், உடம்பு படிப்படியாக வலுப்பெற வேண்டும், வேலையின் பாரம் குறைய வேண்டும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டு வாசல்வரை வருகிறது. அப்படி வருபவர்களும், ஸ்கேன் அறிக்கையை விளக்கும் மருத்துவர்களும் "விலகியிருக்கிறது" என்பதோடு நிறுத்தாமல், "இந்த வயதில் வலியே இல்லாத பலருக்கும் இப்படித்தான் இருக்கும், நீங்கள் குனியலாம்" என்று இன்னொரு வரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.