வரவு 60, செலவு 5000

பி.காம். படித்தவனுக்கும் ஸ்பீக்கருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், வீட்டில் இருக்கும் ஹோம் தியேட்டர் செட்டின் முதுகை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள்: 5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. பின்பக்கம், ஒயர் நுழைகிற ஓட்டைக்குப் பக்கத்தில், எறும்பு சைஸ் எழுத்தில் இன்னொன்று இருக்கும்: ஏ.சி. 230 வோல்ட், 60 வாட்ஸ். முதலாவது, பெட்டி கொடுப்பதாகச் சொல்லும் சக்தி. இரண்டாவது, அது சுவரிலிருந்து வாங்கும் சக்தி. வரவு 60, செலவு 5000. இந்தக் கணக்கில் எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போட்டால் அவர் தொழிலை விட்டே போக வேண்டியிருக்கும். ஸ்பீக்கர் கடையில் மட்டும் பில் போட்டு, ஒரு வருஷ வாரன்ட்டியும் கொடுத்து அனுப்புகிறார்கள்.

பி.எம்.பி.ஓ. என்றால் பீக் மியூசிக் பவர் அவுட்புட். கண் இமைக்கிற நேரத்துக்கும் குறைவான ஒரு கணத்தில், கெப்பாசிட்டரில் சேர்ந்திருப்பதையெல்லாம் மொத்தமாகக் கொட்டினால் என்ன வருமோ, அதை எல்லா சேனலுக்கும் பெருக்கி, அதற்கு மேல் கம்பெனிக்காரரின் மனசாட்சி எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு பெருக்கிக்கொள்ளலாம். இதை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை கிடையாது. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இந்த வாட்ஸ் புளுகு எல்லை மீறிப் போய்த்தான் 1974-ல் ஃபெடரல் டிரேட் கமிஷன் குறுக்கே வந்தது. தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி எவ்வளவு, அதில் டிஸ்டார்ஷன் எவ்வளவு, இரண்டையும் சேர்த்துச் சொல் என்று விதி போட்டார்கள்.

சரி, நிஜமாக எத்தனை வாட்ஸ் வேண்டும்? சாதாரண வீட்டு ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் 85-லிருந்து 90 டெசிபல் வரை சத்தம் போடும். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்த அது போதும். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் மூன்று டெசிபல்தான் கூடும். காது அதை ‘கொஞ்சம் கூடியிருக்கு போல’ என்றுதான் எடுத்துக்கொள்ளும். சத்தம் இரண்டு மடங்கான மாதிரி தோன்ற வேண்டுமானால் வாட்ஸைப் பத்து மடங்காக்க வேண்டும். ஆக, 50 வாட்ஸ் செட்டுக்கும் 100 வாட்ஸ் செட்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் பில்லில்தான் தெரியும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் வேலை பார்க்கும் என் அத்தை மகன், தீபாவளி போனஸில் 8,500 ரூபாய் கொடுத்து ஒரு 5.1 செட் வாங்கினான். மூர் மார்க்கெட்டில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்துப் போய்க் கேட்டேன். பத்துக்குப் பன்னிரண்டு ஹால். முன் ஸ்பீக்கர் இரண்டும் டி.வி.க்கு ஒட்டினாற்போல. பின் ஸ்பீக்கரில் ஒன்று பீரோ தலையில், ஒன்று ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. சென்டர் ஸ்பீக்கர் சாமி படங்களுக்குப் பக்கத்தில், கூரையைப் பார்த்தபடி. சப்-வூஃபர் சோபாவுக்கு அடியில். சண்டைப் படம் ஒன்றைப் போட்டான். எவர்சில்வர் டம்ளர்கள் ஷெல்ஃபில் நகர்ந்தன. “எப்படி மச்சான்?” என்றான், முகமெல்லாம் சிரிப்பு.

அவன் போன பிறகு அத்தை சொன்னாள்: “சத்தம் வருது, பேச்சு வரலப்பா.”

ஆடியோ பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விமர்சனம் படித்திருக்கிறேன். இந்த வகை செட்டுகளைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் எழுதியதில்லை. ஏன் பேச்சு வரவில்லை என்று பார்ப்போம்.

5.1 ஒலிப்பதிவில் வசனம் பெரும்பாலும் சென்டர் ஸ்பீக்கருக்குத்தான் அனுப்பப்படுகிறது. அதாவது ஆறு பெட்டியில் அதிகம் உழைக்கிற பெட்டி அது. நம் செட்டுகளில் அதற்குத்தான் மட்டமான கோன் போட்டிருப்பார்கள், வீட்டிலும் அதற்குத்தான் இடம் கிடைக்காது. இதில் இன்னொரு கோளாறு உண்டு. மூன்று அங்குல கோன் வைத்த சின்னப் பெட்டியால் தாழ்ந்த ஸ்வரங்களைக் கொடுக்க முடியாது. எனவே 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையெல்லாம் சப்-வூஃபர் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஆண் குரலின் அடித்தளமே 100-லிருந்து 150 ஹெர்ட்ஸில்தான் இருக்கிறது. சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது, அதனால் சப்-வூஃபரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்பார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு மேலே போகப் போகத் தெரிய ஆரம்பிக்கும். விளைவு, கதாநாயகனின் உதடு டி.வி.யில் அசைகிறது, குரலில் பாதி சோபாவுக்கு அடியிலிருந்து வருகிறது.

கும்மிடிப்பூண்டி வீட்டுக்கு இது கூடுதல் அநியாயம். மில்லில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரைதான் இரைச்சல் இருக்கலாம் என்பது நம் தொழிற்சாலை விதி. இரும்பு உருட்டுகிற இடத்தில் விதி எவ்வளவு தூரம் காதில் விழும் என்று உங்களுக்கே தெரியும். நாள் முழுக்க இரைச்சலில் நின்றவனின் காது சாயங்காலம் தற்காலிகமாக மந்தமாகிவிடும். வருஷக்கணக்கில் நின்றால் நிரந்தரமாகவே போகும், அதுவும் முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம். சகர ஒலி போன்ற மெல்லிய, கூர்மையான ஓசைகள் தேய்ந்து, பேச்சு கேட்கும் ஆனால் புரியாது. அப்படிப்பட்ட காதுக்கு வேண்டியது தெளிவு. கடையில் கொடுத்ததோ ‘தும் தும்’. அவன் புரியவில்லை என்று வால்யூமைக் கூட்டுகிறான், மிச்சமிருக்கிற காதும் போகிறது.

அன்றைக்கே சென்டர் ஸ்பீக்கரைச் சாமியிடமிருந்து இறக்கி, டி.வி.க்குக் கீழே, அத்தையின் காதை நோக்கித் திருப்பி வைத்தோம். முன் ஸ்பீக்கர் இரண்டையும் முடிந்தவரை அகலமாகத் தள்ளினோம். சப்-வூஃபர் வால்யூமைப் பாதியாக்கினோம். பைசா செலவில்லை. அத்தைக்கு சீரியல் கொஞ்சம் புரிய ஆரம்பித்தது. (புரிந்ததால் நன்மையா என்பது வேறு கேள்வி.)

இது டிசைன் செய்தவர்களின் அறியாமை என்று நினைக்காதீர்கள். விஷயம் எல்லாம் எப்போதோ தெரியும். இன்றைக்கு நாம் கேட்கிற காயில், கோன், மேக்னெட் ஸ்பீக்கரை ஜெனரல் எலெக்ட்ரிக்கைச் சேர்ந்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாகும் 1925-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விவரித்துவிட்டார்கள். நூறு வருஷம் தாண்டியும் அடிப்படை மாறவில்லை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பெரும்பாலும் பெட்டியைப் பற்றிய சிந்தனைதான். பழைய ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றி வெறுமனே கையில் பிடித்துப் பாடவிட்டுப் பாருங்கள், சத்தம் கீச்சென்று இருக்கும். கோன் முன்னால் தள்ளும்போது பின்னால் உறிஞ்சுகிறது, தாழ்ந்த ஸ்வரங்களில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். அதே ஸ்பீக்கரை ஒரு பெரிய பிளைவுட் பலகையில் ஓட்டை போட்டு மாட்டினால், அதே பாட்டில் மிருதங்கம் வந்துவிடும். பெட்டியும் ஸ்பீக்கரின் ஒரு பாதி என்பது அப்போது புரியும்.

1954-ல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர், பெட்டியை இறுக்கமாக மூடி உள்ளே இருக்கும் காற்றையே கோனுக்கு ஸ்பிரிங்காகப் பயன்படுத்தினார். ஃபிரிட்ஜ் அளவு பெட்டிகள் புத்தக அலமாரி அளவுக்குச் சுருங்க அது வழி செய்தது. அதன் பிறகு 1961-ல் நெவில் தீல் என்ற ஆஸ்திரேலிய இன்ஜினீயர், ஓட்டை வைத்த பெட்டிகளுக்கு முழுக் கணக்கும் எழுதினார். அந்தக் கோனின் சில அளவுகளைக் கொடுத்தால் போதும், பெட்டி எத்தனை லிட்டர் இருக்க வேண்டும், ஓட்டைக்குழாய் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று காகிதத்திலேயே வந்துவிடும். ஆஸ்திரேலியாவில் வெளியானதால் பத்து வருஷம் உலகம் அதைக் கவனிக்கவில்லை. 1971-ல் அமெரிக்க ஆடியோ சொசைட்டி மறுபிரசுரம் செய்தது. ரிச்சர்ட் ஸ்மால் அதை மேலும் விரித்தார். இன்று அந்தக் கணக்கை இலவச சாஃப்ட்வேரில் எந்த மாணவனும் போடலாம்.

நம் கடை செட்டில் இந்தக் கணக்கு எங்கே இருக்கிறது? பெட்டியின் அளவை அட்டைப்பெட்டிதான் தீர்மானிக்கிறது. ஒரு லாரியில் எத்தனை ஏறும் என்பதுதான் லிட்டர் கணக்கு. ஓட்டைக்குழாய் சில செட்டுகளில் அழகுக்கு மட்டும். என் முன்னால் ஒரு மெக்கானிக் பிரித்துக் காட்டிய செட் ஒன்றில், முகப்பில் இருந்த இரண்டு ட்வீட்டர்களில் ஒன்றுக்கு ஒயரே போகவில்லை. வெறும் பிளாஸ்டிக் கிண்ணம்.

ஹாஃப்மன் என்கிற நிபுணர் பெயரால் ஒரு விதி உண்டு. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த சக்தியில் நிறைய சத்தம் என்ற மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவதை விட்டுவிட வேண்டும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் மூன்றும் சேர்ந்து கிடைக்காது. நம் விளம்பரங்களில் மூன்றும் கிடைக்கிறது, கூடவே புளூடூத்தும் எஃப்.எம்.மும்.

பெட்டி ஆறாக இருந்தால் என்ன லாபம் என்பது அடுத்த கேள்வி. 5.1-க்கு என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு சங்கத்தின் அளவு இருக்கிறது: உட்காருகிற இடத்திலிருந்து பார்த்தால் முன் ஸ்பீக்கர்கள் இரு பக்கமும் 30 டிகிரி, பின் ஸ்பீக்கர்கள் 100-லிருந்து 120 டிகிரி. அதாவது பின் ஸ்பீக்கர் நிஜத்தில் பக்கவாட்டு ஸ்பீக்கர். நம் ஹாலில் சோபா சுவரோடு ஒட்டிக் கிடக்கும், ஒரு பக்கம் வாசல் கதவு, மறுபக்கம் பீரோ. டிகிரிக்கு எங்கே போவது? அந்த ஆறில் எதைப் பாடவிடுகிறோம் என்பதும் இருக்கிறது. தமிழில் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவான முதல் படம் என்று பெயர் வாங்கிய ‘ப்ரியா’ வந்தது 1978-ல். ‘குருதிப்புனல்’ 1995, டி.டி.எஸ். வந்த ‘கருப்பு ரோஜா’ 1996. அதற்கு முந்தைய எம்.எஸ்.வி., கே.வி. மகாதேவன் பாட்டெல்லாம் பெரும்பாலும் மோனோ. ஒரே ஒரு நல்ல பெட்டி போதும் அதற்கு. விலை குறைந்த பல செட்டுகள் இடது, வலது இரண்டையும் நகலெடுத்து மற்றப் பெட்டிகளுக்கும் அனுப்பிவிட்டு அதற்கு சரவுண்ட் என்று பேர் வைக்கின்றன. சிப்காட் பக்கம் லைன் வீடுகளில் தங்கியிருக்கிற பீகார், ஒடிசா பையன்கள் ஒரு புளூடூத் டப்பாவை வாசற்படியில் வைத்துக்கொண்டு போஜ்புரி பாட்டு கேட்கிறார்கள். அதில் பொய் குறைவு.

என் தீர்ப்பு இதுதான். நம் பட்ஜெட்டில் ஆறு பெட்டி வாங்குவதைவிட அதே பணத்துக்கு இரண்டு பெட்டி வாங்குவது மேல். பணத்தை ஆறால் வகுப்பதற்கும் இரண்டால் வகுப்பதற்கும் உள்ள வித்தியாசம் எல்.கே.ஜி. கணக்கு. இப்போது சவுண்ட்பார் காலம். அதில் பேச்சு டி.வி.க்கு அருகிலிருந்தே வருகிறது என்ற ஒரு நல்ல விஷயம் உண்டு. பெட்டி விதி அதற்கும் அதேதான்.

‘பிராண்டட் வாங்கினால் சரியாகிவிடுமே’ என்பீர்கள். ஓரளவு உண்மை. ஆனால் பிராண்டுக்குள் என்ன நடக்கிறது என்று காமர்ஸ்காரன் கொஞ்சம் பார்ப்பான். ஜே.பி.எல். வைத்திருந்த ஹர்மானை 2017-ல் சாம்சங் சுமார் 800 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த ஹர்மான் 2025-ல் பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ், டெனான், மராண்ட்ஸ், போல்க் என்று ஒரு கொத்தையே 35 கோடி டாலருக்கு வாங்கிப் போட்டது. கடையில் நான்கைந்து பெயர்களுக்கு நடுவே மண்டையைப் பிய்த்துக்கொள்கிறோம், லாபம் ஒரே கல்லாவுக்குப் போகிறது. ஹர்மானுக்கு ஒரு நன்றியும் சொல்ல வேண்டும். கனடாவின் ஒட்டாவாவில் ஃப்ளாய்ட் டூல் என்பவர் எண்பதுகளில் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து, பெயர் தெரியாமல் ஆட்களைக் கேட்கவிட்டுச் சோதனைகள் செய்தார். பார்க்காமல் கேட்டால் பலதரப்பட்ட ஆட்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஸ்பீக்கரைத்தான் நல்லது என்கிறார்கள்: எந்த ஸ்வரத்தையும் தூக்கியோ அமுக்கியோ காட்டாத ஸ்பீக்கரை. பிற்பாடு அவரை ஹர்மான் வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1994-ல் அங்கே செய்த சோதனையில், பெட்டி கண்ணுக்குத் தெரிந்த உடனே அவர்கள் கம்பெனி ஆட்களின் மார்க்கே மாறிப்போனது. கண்ணை மூடிக்கொண்டால் காது யோக்கியமாக இருக்கிறது.

நம்மவர்களால் முடியாதா? கொல்கத்தாவில் 1970-லிருந்து சோனோடைன் இருக்கிறது. புனேயில் கேடன்ஸ் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் செய்து காட்டியது. கொச்சியில் ஜேக்கப் ஜார்ஜ் என்ற ஆர்க்கிடெக்ட் ‘ரெதம்’ என்று செய்து வெளிநாட்டுக்கு அனுப்பினார். 1964-ல் பாஸ்டன் பக்கம் கம்பெனி தொடங்கிய அமர் போஸின் அப்பா வங்காளத்து விடுதலைப் போராட்டக்காரர். இந்தப் பட்டியலில் நம் ஊர்ப் பெயர் ஒன்றைப் பார்க்க எனக்கு ஆசை. கச்சாப் பொருளுக்குப் பஞ்சமில்லை. இரும்பு கும்மிடிப்பூண்டியில் உருகுகிறது. மரவேலை தெரிந்த கை திருவள்ளூரில் தெருவுக்கு நாலு பேர். கோனும் மேக்னெட்டும் மட்டும் சென்னைத் துறைமுகத்திலோ இதே மாவட்டத்துக் கட்டுப்பள்ளியிலோ கன்டெய்னரில் இறங்க வேண்டும்.

திருவள்ளூரில் அப்படி ஒருவரைப் பார்த்தேன். சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்குப் பெட்டி அடித்துக் கொடுப்பவர், ஹோம் தியேட்டர் பெட்டியும் செய்கிறார். தீல் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் குழாயை அரை அங்குலம் அரை அங்குலமாக வெட்டி, கேட்டுக் கேட்டுச் சரியான நீளத்துக்கு வந்துவிடுகிறார். 18 எம்.எம். எம்.டி.எஃப்., உள்ளே குறுக்குச் சட்டம், பஞ்சு என்று ஒரு ஜோடி செய்து வைத்திருந்தார். வாணி ஜெயராம் பாட்டு ஒன்று போட்டார். பாடகி மூச்சு எடுப்பது கேட்டது. அதைத் தீபாவளிக்கு முன்பே செய்தாராம், விற்கவில்லை.

“எத்தன வாட்ஸ்னு கேக்கறாங்க சார். நாப்பதுன்னா சிரிச்சிட்டுப் போயிடறாங்க.”

மேஜை டிராயரைத் திறந்து காட்டினார். 5000, 8000, 12000 என்று மூன்று ரோல் ஸ்டிக்கர். ஒரு கடைக்காரர் அவற்றை ஒட்டித்தான் அனுப்பச் சொல்லியிருக்கிறார். இந்த ஜோடிக்கு இன்னும் எதுவும் ஒட்டவில்லை.

அடுத்த தடவை ஸ்பீக்கர் வாங்கப் போனால், கடைக்காரர் போடுகிற பாட்டைக் கேட்காதீர்கள். உங்களுக்கு மனப்பாடமான, குரல் முன்னால் நிற்கிற ஒரு பழைய பாட்டை பென் டிரைவில் கொண்டு போங்கள். பேஸ் பூஸ்ட்டை அணைக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு சரணம் முழுக்கக் கேளுங்கள். பிறகு பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். திருப்பக் கூடாது என்று சொன்னால், பக்கத்திலேயே இன்னொரு கடை இருக்கும்.