டல்லாஸ் ரசிகர்களின் கோபம்: சரியான தீர்ப்பு, தவறிய குறி

2025 பிப்ரவரி 1 இரவு கூடைப்பந்துச் செய்தியாளர் ஷாம்ஸ் சரானியா அந்தச் செய்தியை வெளியிட்டபோது, அவருடைய கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்றே பலர் நினைத்தார்கள். டல்லாஸ் மேவரிக்ஸ் தன் 25 வயது நட்சத்திரம் லூகா டோன்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு வந்தவை: 31 வயது ஆந்தனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029ஆம் ஆண்டின் வீரர் தேர்வில் முதல் சுற்றுத் தேர்வு உரிமை ஒன்று. மேக்ஸி கிளீபரும் மார்கீஃப் மோரிஸும் டோன்சிச்சோடு போனார்கள். யூட்டா ஜாஸ் மூன்றாவது அணியாக உள்ளே வந்தது. அணியை என்.பி.ஏ. இறுதிப்போட்டி வரை டோன்சிச் கொண்டுபோய் எட்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

மறுநாள் அரங்கத்தின் வாசலில் ரசிகர்கள் சவப்பெட்டியோடு கூடினார்கள். பொது மேலாளர் நிகோ ஹாரிசனை நீக்கச் சொல்லும் கோஷம் மாதக்கணக்கில் ஓயவில்லை. இதை வெறும் உணர்ச்சிக் கொந்தளிப்பு என்று ஒதுக்கியவர்கள் அநியாயம் செய்தார்கள். அந்தக் கோபத்துக்குள் தெளிவான கணக்கு இருந்தது. ஐந்து முறை லீகின் முதல் ஐவரில் இடம்பிடித்த இளைஞரை விற்கும்போது மற்ற அணிகளிடம் விலைகூடக் கேட்காமல், ஒரே அணியோடு ரகசியமாக ஏன் முடிக்க வேண்டும்? தற்காப்பு ஆட்டமே கோப்பையைத் தரும் என்ற ஹாரிசனின் விளக்கம் இந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. அடிக்கடி காயப்படும் டேவிஸை நம்பி எதிர்காலத்தை அடகு வைக்கலாமா என்றும் கேட்டார்கள். டல்லாஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே டேவிஸ் காயமடைந்தார். நிர்வாகத்தைவிட ரசிகர்கள் ஆட்டத்தை நன்றாகப் படித்திருந்தார்கள் என்பதே என் கருத்து.

பதாகை பிடித்தவர்களையும் கோஷமிட்டவர்களையும் அரங்கத்திலிருந்து வெளியேற்றியது பெரும் பிழை. ஆனாலும் அவர்கள் விடவில்லை. 2025 நவம்பர் 11 அன்று ஹாரிசன் நீக்கப்பட்டார். 3 வெற்றி, 8 தோல்வி என்ற மோசமான தொடக்கம் ஒரு காரணம். ஆனால் அந்தக் குரல் இல்லாமல் இவ்வளவு சீக்கிரம் அது நடந்திருக்காது.

இனி மறுபக்கம். ஹாரிசன் நீக்கப்படுவதற்கு முந்தைய இரவு மில்வாக்கியுடனான ஆட்டத்தின் கடைசி நொடிகளில், சொந்த அணியின் பி.ஜே. வாஷிங்டன் ஃப்ரீ த்ரோ எறிய நின்றபோதும் கோஷம் அடங்கவில்லை. அந்த வர்த்தகத்தில் எந்தப் பங்கும் இல்லாத வீரர் அவர். அவர் பந்தைக் குறிபார்க்கும் நேரத்தில் கத்துவது எந்த நீதி? ஹாரிசனுக்கு மிரட்டல்கள் வந்ததாகவும் செய்திகள் வெளியாயின. அதை எந்தப் பாசமும் நியாயப்படுத்தாது. 2025 மே மாதம் வீரர் தேர்வுக்கான குலுக்கலில் 1.8 சதவீத வாய்ப்போடு முதல் தேர்வு உரிமை டல்லாஸுக்கு விழுந்ததும், எல்லாம் முன்பே பேசிவைத்த நாடகம் என்று சான்றே இல்லாமல் சிலர் அடித்துச் சொன்னார்கள்.

டோன்சிச்சை விற்றது விசுவாசத்துக்குத் துரோகம் என்ற பேச்சிலும் ஓர் ஓட்டை உண்டு. 2018 வீரர் தேர்வு இரவில் டோன்சிச்சை எடுத்தது அட்லாண்டா. ட்ரே யங்கோடு ஒரு முதல் சுற்றுத் தேர்வு உரிமையையும் கொடுத்துத்தான் டல்லாஸ் அவரைப் பெற்றது. அந்த வர்த்தகத்தைக் கொண்டாடிய நகரம் இது.

இந்தக் கோபத்தின் பெரிய குறை, அது ஒரே மனிதர்மேல் குவிந்ததுதான். உரிமையாளர் தரப்பின் பாட்ரிக் டுமாண்ட் ஒப்புதல் தராமல் இது நடந்திருக்காது; அவர் பெயர் அத்தனை உரக்க ஒலிக்கவில்லை. லீகின் விதிகள் பக்கமோ யாரும் திரும்பியதாகவே தெரியவில்லை. தன்னை விற்கக் கூடாது என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் கேட்க, ஒரு வீரர் லீகில் எட்டு ஆண்டுகளும் அதே அணியில் நான்கு ஆண்டுகளும் ஆடியிருக்க வேண்டும். டோன்சிச் அப்போது ஏழாவது பருவத்தில் இருந்தார். அணி மாறியதால், ஐந்து ஆண்டுகளுக்குச் சுமார் 34.5 கோடி டாலர் பெறும் தகுதியும் அவர் கைவிட்டுப் போனது. அவருக்காக அழுத ரசிகர்கள், அடுத்த வீரரையும் இப்படியே கைமாற்ற இடம்தரும் இந்த விதிகளை எதிர்த்து ஒரு பதாகையாவது பிடித்திருக்கலாம்.