பாஞ்சாலியின் கண்ணீரும் நான்கு திருத்தோள்களும்

பாரதப் போரின் இறுதி இரவில், பாசறையில் உறங்கிக்கிடந்த திரௌபதியின் மைந்தர் ஐவரையும் அச்வத்தாமன் கொன்றான். அபிமன்யு களத்தில் எதிர்நின்று மாண்டவன். பாகவதத்தின்படி இவர்களோ உறக்கத்தில் மாண்டவர்கள். வீரமரணம் என்னும் ஆறுதலும் இத்தாய்க்கு இல்லை. இவ்விழப்பை அக்குடும்பம் ஏற்ற விதத்தை மஹாபாரதத்தின் ஸௌப்திக பர்வமும் ஸ்ரீமத் பாகவதத்தின் 1-ஆம் ஸ்கந்தம் 7-ஆம் அத்தியாயமும் வெவ்வேறாகக் கூறுகின்றன.

பாரதத்தில், கொலையாளி தண்டனை பெறாதவரை உண்ணாதிருந்து உயிர்விடுவதாகத் திரௌபதியே அமர்கிறாள். பீமன் புறப்படுகிறான். முடிவில் அச்வத்தாமனின் தலைமணி கைக்கு வர, அவள் அமைகிறாள். பாகவதத்தில் சபதம் அர்ஜுனனுடையது. பகைவனின் தலையைக் கொணர்வதாகவும், மைந்தரைத் தகனம் செய்தபின் அதன்மேல் நின்று அவள் நீராடலாம் என்றும் கூறித் தேற்றுகிறான். ஆனால் கயிற்றால் கட்டுண்டு, தன் செயலின் இழிவால் தலைகவிழ்ந்து வந்தவனைக் கண்டதும், அவனை விடுவிக்குமாறு வேண்டுபவள் அவளே.

ஞானத்தால் சோகத்தை வென்றவள் என்று இவளைப் போற்றுவது எளிது. மூலம் அதற்கு இடந்தரவில்லை. தான் அழுவதுபோல் அவன் தாயான கௌதமியும் அழவேண்டா என்பதே அவள் சொல்லின் சாரம். அங்குத் தன் அழுகையை அவள் இறந்தகாலத்தில் கூறவில்லை. நிகழ்காலத்தில், மீண்டும் மீண்டும் அழுவதாகவே கூறுகிறாள். கண்ணீர் வற்றியபின் பிறந்த கருணையன்று அது. கண்ணீரிலேயே பிறந்த கருணை. ஸூதர் அவள் சொல்லுக்கு இடும் ஆறு அடைமொழிகளுள் ‘ஸமம்’ என்பதும் ஒன்று. தன் வயிற்றெரிச்சலையும் மற்றொரு தாயின் வயிற்றெரிச்சலையும் ஒரே துலையில் நிறுத்தமையே அந்த ஸமம். அச்வத்தாமன் குற்றமற்றவன் என்று அவள் ஓரிடத்தும் கூறவில்லை.

தர்மபுத்ரர் முதலானோர் அவள் சொல்லை ஏற்க, பீமன் ஒருவனே மறுக்கிறான். கொல்வதே தக்கது என்கிறான். அவனைக் கருணையற்றவன் என்று ஒதுக்குதல் பிழையாகும். மாண்டவருள் அவன் மகனும் ஒருவன். அவன் சினமும் புத்ரசோகத்தின் வடிவமே. இவ்விடத்தில் மூலம் கண்ணனை ‘சதுர்புஜன்’ என்கிறது. கொல்லப் பாய்ந்த பீமனையும் தடுக்க முனைந்த திரௌபதியையும் ஒருசேர நிறுத்தவே மேலும் இரு தோள்கள் தோன்றின என்பது ஸ்ரீதரரின் வியாக்யானம். ஒரே மனையில் ஒரே இழப்பு இருவகையாக வெடிக்கிறது. எம்பெருமான் ஒன்றைத் தழுவி மற்றொன்றைத் தள்ளவில்லை. இரண்டையும் தாங்கத் தோள்களைப் பெருக்கிக்கொள்கிறான். பீமனுக்கும் பாஞ்சாலிக்கும் தனக்கும் உகந்ததைச் செய் என்றே அர்ஜுனனுக்கு நியமனம். அர்ஜுனனும் உயிரை விட்டு, சிகையோடு மணியை அரிந்து, அவனைப் பாசறையினின்று துரத்துகிறான். குற்றம் தண்டிக்கப்பட்டது, மற்றொரு தாய் மகனை இழக்கவில்லை.

இங்கு ஓர் ஆக்ஷேபம் எழும். பாகவதத்தின் வைப்புமுறையில், விடுவிக்கப்பட்டபின்னரே அச்வத்தாமனின் அஸ்த்ரம் உத்தரையின் கருவை நாடி வருகிறது. ஐவரை இழந்த குலத்தின் கடைசித் துளிரும் கருகும் நிலை. பாஞ்சாலியின் இரக்கம் பேதைமையாயிற்றோ? அடுத்த அத்தியாயத்தையே இதற்கு விடையாகக் கொள்ளலாம். அபயம் என்று ஓடிவந்த உத்தரையின் கருவைக் கண்ணன் தன் மாயையால் மறைத்துக் காக்கிறான். கருணை ஆபத்தற்றது என்று பாகவதம் கூறவில்லை. அதனால் நேரும் பாரத்தைத் தாங்குபவன் எவன் என்பதைக் காட்டுகிறது. பின்னர் பாகவதத்தைச் செவிமடுத்த பரீக்ஷித்து அக்கருவே.

சபையில் அபயம் வேண்டிய சரணாகதிக்கு உதாரணமாகவே திரௌபதி ஸம்ப்ரதாயத்தில் பெரிதும் எடுத்தாளப்படுகிறாள். அன்று தன் மானத்துக்காக இறைஞ்சியவள், இங்குத் தன்னைக் கெடுத்தவனின் தாய்க்காக இறைஞ்சுகிறாள். இது அப்பெருமைக்குக் குறையாத மற்றொரு பெருமை.

ஆயினும் 7-ஆம் அத்தியாயம் அவள் கருணையோடு நிறைவுறவில்லை. புத்ரசோகத்தால் வாடிய பாண்டவர் அனைவரும் திரௌபதியோடு கூடி, மாண்டவர்க்குரிய கடன்களைச் செய்தனர் என்றே முடிகிறது. தண்டனையும் சோகத்தைத் தீர்க்கவில்லை, மன்னிப்பும் தீர்க்கவில்லை. கொல்லச் சொன்னவனும் விடச் சொன்னவளும் ஒரே சிதையின் முன் சேர்ந்து நின்றார்கள்.