தரவகமும் தமிழ் கற்பித்தலும்: சிகாமட் வட்டார வழக்கை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

"காலையில் பசியாறிவிட்டுப் பள்ளிக்குச் சென்றேன்" என ஒரு மாணவன் எழுதுவதாகக் கொள்வோம். ஓர் ஆசிரியர் 'பசியாறி' என்பதை அடித்துவிட்டுக் 'காலையுணவு உண்டு' எனத் திருத்துவார். மற்றோர் ஆசிரியர் அதனை அப்படியே ஏற்பார். இருவருமே தத்தம் மொழியுணர்வை நம்பியே முடிவெடுக்கின்றனர். மலேசியாவில் தொடக்கப்பள்ளி மதிப்பீட்டுத் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டு, வகுப்பறைசார் மதிப்பீடு முதன்மை பெற்றுள்ள இன்றைய நிலையில், அம்முடிவின் சுமை ஆசிரியர்மீதே விழுகின்றது. எது பிழை, எது வழக்கு என்பதைச் சான்றுகொண்டு தெளிய தரவக மொழியியல் துணைபுரியுமா என்பதையும், இதுவரை அமைந்த தமிழ்த் தரவகங்கள் அதற்குப் போதுமானவையா என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

தரவகம்: கருத்தும் தோற்றமும்

மொழியின் உண்மையான பயன்பாட்டிலிருந்து வரையறுத்த நெறிப்படி திரட்டிக் கணினியில் தேடத்தக்க வகையில் அமைத்த பனுவல் தொகுதியே தரவகம் ஆகும். அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் நெல்சன் பிரான்சிசும் ஹென்றி குசேராவும் 1960களில் உருவாக்கிய தரவகம் இதற்கு முன்னோடி. 1961-இல் அச்சான ஆங்கில நூல்களிலிருந்தும் இதழ்களிலிருந்தும் ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட 500 பகுதிகளை எடுத்துப் பத்து இலட்சம் சொற்களை அது திரட்டியது. ஜான் சின்கிளேர் தலைமையில் 1987-இல் வெளிவந்த 'கோபில்ட்' அகராதி, மொழி கற்போருக்கான அகராதியையே தரவகத்தின்மேல் எழுப்பலாம் எனக் காட்டியது.

தமிழுக்கு இம்முறையின் உயிர்க்கருத்து புதியதன்று. ஒரு சொல் பயிலும் இடங்களையெல்லாம் ஒருங்கே காட்டும் சொல்லடைவும் தொடரடைவும் நமக்கு முன்பே அறிமுகமானவை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவு, கணினித் தரவகம் பரவலாவதற்கு முன்னரே நிறைவேறிய பெரும்பணி. ஆயினும் இத்தகைய உழைப்பு பெரிதும் பழந்தமிழ் மீதே குவிந்தது. இன்றைய தமிழ் அவ்வளவு கவனம் பெறவில்லை.

தமிழ்த் தரவகங்களின் குறைகள்

இந்திய அரசின் மொழித் தொழில்நுட்பத் திட்டத்தின்கீழ் 1990களில் மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் ஏறத்தாழ 30 இலட்சம் சொற்கள் கொண்ட தமிழ்த் தரவகத்தை உருவாக்கியது. பின்னர் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகம் இந்நிறுவனத்துடன் இணைந்து 'எமில்' தரவகத்தை வெளியிட்டது. இவை பாராட்டத்தக்க பணிகள். எனினும் மூன்று குறைகளைச் சுட்டுதல் வேண்டும்.

முதலாவது, பேச்சுத்தமிழ் இன்மை. எமில் தரவகத்தின் பேச்சுப் பகுதியில் வங்காளம், குஜராத்தி, இந்தி, பஞ்சாபி, உருது ஆகிய ஐந்து மொழிகளே உள்ளன; தமிழுக்கு எழுத்துப் பகுதி மட்டுமே உண்டு. பேச்சும் எழுத்தும் பெரிதும் வேறுபடும் இரட்டை வழக்கு மொழியில் இஃது எளிய குறையன்று.

இரண்டாவது, சொல்வரையறைச் சிக்கல். 'சென்றுகொண்டிருந்தவர்களுக்கும்' என்பது தமிழில் ஒரே சொல்வடிவம். 'செய்துகொண்டு' என ஒருவர் சேர்த்தும், 'செய்து கொண்டு' என மற்றொருவர் பிரித்தும் எழுதுவர். சொல்வடிவங்களை மட்டும் எண்ணினால் ஒரு வினையின் பயில்வு நூறு வடிவங்களாகச் சிதறிவிடும். உருபனியல் பகுப்பாய்வின்றித் தரும் தமிழ்ச் சொல்லெண்ணிக்கைகளை ஐயத்துடனேயே அணுக வேண்டும்.

மூன்றாவது, நிலப்பரப்பின் குறுக்கம். மைசூர்த் தரவகம் இந்தியாவில் அச்சான தமிழை அடிப்படையாகக் கொண்டது. அதனையே தமிழின் முழுமையான சான்றாகக் கொண்டால், கடல்கடந்த வழக்குகள் யாவும் விலகல்களாகவே தோன்றும். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 2008-ஆம் ஆண்டுப் பதிப்பில் இலங்கைத் தமிழ் வழக்குகளுக்கு இடமளித்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. அத்தகைய இடம் மலேசிய வழக்குக்கும் வேண்டுமாயின், அதற்குரிய சான்றுகளைத் திரட்டித் தருவது நம் கடமை.

சிகாமட் தரும் சான்று

சிகாமட் மாவட்டத்தில் லாபிஸ், சாஆ, பெக்கோக், ஜெமெந்தா ஆகிய ஊர்களைச் சூழ்ந்திருந்த தோட்டங்கள், தமக்கென ஒரு சொற்களஞ்சியத்தை வளர்த்தன. பால்மரம், பால்வெட்டு, மங்கு, ஒட்டுப்பால், பெரட்டு, லயம் ஆகிய சொற்கள் ஒரு தொழிலையும் அதனைச் சார்ந்த வாழ்வையும் சுமந்தவை. தமிழகத்தில் எண்ணெய்ப்பனை எனப்படுவது இங்குச் செம்பனை. ரப்பர் செம்பனைக்கு இடம்விட்டு, தோட்ட மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின், இச்சொற்களை இயல்பாக ஆள்வோர் முதியோர் மட்டுமே. அவர்தம் பேச்சு பதிவாகாது போனால், எந்தக் கணினியும் அதனை மீட்டுத்தர இயலாது. 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுபோனது. மலேசிய எழுத்துத்தமிழின் வரலாற்றை ஆராய அதன் பழைய இதழ்களும் தேடத்தக்க வடிவம் பெறுதல் வேண்டும்.

ஆகவே, வட்டார அளவில் ஒரு சிறு தரவகத்தை ஆசிரியர்களே தொடங்கலாம். மாணவர் கட்டுரைகள், மலேசிய நாளிதழ்ச் செய்திகள், முதியோரின் ஒப்புதலோடு பதிவுசெய்து எழுத்தாக்கிய உரையாடல்கள் ஆகிய மூன்றும் போதும். ஒவ்வொன்றுடனும் ஆண்டு, ஊர், பேசுவோரின் அகவை, தொழில் ஆகியவற்றைக் குறித்தல் இன்றியமையாதது. பெயர்களை நீக்குதல் நெறி. கோப்புகள் யூனிகோடு குறியீட்டில் அமைதல் வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் தொடரடைவு மென்பொருள்களே இதற்குப் போதுமானவை. ஆனால் உயிர்மெய்க் குறிகளைச் சொல்லின் உறுப்பாகக் கொள்ளுமாறு அவற்றை முதலில் அமைத்துக்கொள்ள வேண்டும். இன்றேல் தமிழ்ச் சொற்கள் இடையிடையே துண்டாகிவிடும்.

வகுப்பறைப் பயனும் எல்லையும்

வகுப்பில் இதன் பெரும்பயன் சொல்லிணைவைக் கற்பிப்பதிலேயே உள்ளது. தண்ணீர் குடித்தான், தேநீர் அருந்தினான், மருந்து உட்கொண்டான் என வினைகள் பெயருக்கேற்ப வேறுபடுவதைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்விப்பதைவிட, இருபது தொடரடைவு வரிகளைத் தந்து மாணவரே கண்டறியச் செய்தல் சிறப்பு. விதியைக் கேட்டவர் மறப்பர், கண்டறிந்தவர் மறவார்.

எனினும் பயில்வு மிகுதி ஒன்றே செம்மைக்குச் சான்றாகாது. 'முயன்றார்' என்பதற்கு மாறாக 'முயற்சித்தார்' என்பது இதழ்களில் பரவலாக வழங்குகின்றது. ஒரு வடிவம் எங்கு, எப்பொழுது, யாரால் ஆளப்படுகின்றது என்பதையே தரவகம் காட்டும். தேர்வுக் கட்டுரையில் அதனை ஏற்கலாமா என்பதை இலக்கண அறிவும் கற்பித்தல் நோக்குமே முடிவு செய்யும். மேலும், சிறு தரவகத்தில் ஒரு சொல் காணப்படாமை, அச்சொல் வழக்கில் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

முடிவுரை

தரவகம் ஆசிரியரின் மொழியுணர்வுக்கு மாற்று அன்று. அதனை உரசிப் பார்க்கும் கட்டளைக்கல் ஆகும். 'பசியாறி' என்னும் சொல்லை அடிக்குமுன் அதன் ஆட்சியைத் தேடிப் பார்க்கும் ஆசிரியர், அது பிழையன்று, ஒரு மக்கட் கூட்டத்தின் வழக்கு என்பதை உணர்வார். பின்னர் எழுத்து நடைக்கு வேறு சொல்லைப் பரிந்துரைத்தாலும், வீட்டில் பேசும் தமிழ் தாழ்ந்தது என்னும் எண்ணத்தை மாணவன் மனத்தில் விதைக்கமாட்டார். இப்பணிக்குச் சிகாமட் போன்ற ஊர்களின் தமிழ்ப்பள்ளிகளே தக்க தொடக்கக் களங்கள் எனலாம். பால்வெட்டு அறிந்த தலைமுறை நம்மிடையே இருக்கும்பொழுதே அதனைத் தொடங்குதல் நன்று.