சர்வீஸுக்கு எத்தனை நிமிடம்?

பிள்ளைக்குத் தனிப்பயிற்சி தர வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டென்னிஸ் கோச் கிடைப்பாரா என்று சென்னையில் தேடும் பெற்றோர் முதலில் விசாரிப்பது கட்டணத்தை. அடுத்து, அவர் எந்த அளவு வரை ஆடியவர் என்பதை. இரண்டையும்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. அவருடைய ஒரு மணி நேர வகுப்பில் சர்வீஸுக்கும் ரிட்டர்னுக்கும் எத்தனை நிமிடம் ஒதுக்குகிறார்?

கிராண்ட்ஸ்லாம் ஆட்டங்களின் பதிவுகளை அலசினால், ஏறத்தாழ பத்தில் ஏழு பாயிண்டுகள் நான்கு அடிகளுக்குள் முடிந்துவிடுகின்றன. அதாவது சர்வீஸ், ரிட்டர்ன், பிறகு ஆளுக்கு ஓர் அடி. சிறுவர் போட்டிகளிலோ டபுள் ஃபால்ட்டே பல கேம்களை முடித்துவைக்கிறது. ஆனால் வழக்கமான தனிப்பயிற்சியில் நடப்பது வேறு. கோச் வலையருகே நின்று கூடையிலிருந்து பந்தை ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் போட்டுக்கொண்டே இருப்பார். பிள்ளை ஃபோர்ஹேண்டும் பேக்ஹேண்டும் மாற்றி மாற்றி அடிக்கும். சர்வீஸுக்குக் கடைசி பத்து நிமிடம், கை ஓய்ந்த பிறகு. பழியைக் கோச் மேல் மட்டும் போட முடியாது. பந்தை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்துப் பழகுவதும் சர்வீஸுக்கு உரிய கான்டினென்டல் பிடிக்குக் கையைப் பழக்குவதும் வெளியில் நின்று பார்ப்பவருக்குக் காசு வீணாவதுபோலத் தோன்றும். கூடை காலியானால்தான் வகுப்பு நடந்ததாகப் பெற்றோர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையின் விலை பின்னால் தெரியும்: ஃபோர்ஹேண்ட் பிடியிலேயே சர்வீஸ் போட்டுப் பழகிய கைக்கு, சுழற்சியோடு இறங்கும் இரண்டாவது சர்வீஸ் எளிதில் வராது.

முன்னாள் இந்திய வீரர் ரமேஷ் கிருஷ்ணன் மென்மையான சர்வீஸை வைத்துக்கொண்டே 1986இல் விம்பிள்டன் காலிறுதி வரை போகவில்லையா என்று கேட்கலாம். போனார், 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் அப்போதைய முதல்நிலை வீரர் மாட்ஸ் விலாண்டரையும் வென்றார். ஆனால் இங்கே பேச்சு வேகத்தைப் பற்றியது அல்ல. பந்தை முன்கூட்டியே சந்தித்து, எதிராளியின் வேகத்தையே அவருக்கு எதிராகத் திருப்பும் கலை அவரிடம் இருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து உண்மையாக வரும் பந்தைச் சந்திக்காமல் அது கைகூடாது.

இவ்வளவு சர்வீஸ் பயிற்சியைச் சின்னத் தோள்பட்டை தாங்குமா என்ற கவலை நியாயமானது. அதற்குத்தான் மெதுவான பந்துகளும் சிறிய கோர்ட்டும் வந்தன. 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தைச் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு அனுமதிப்பதில்லை. தொடக்கநிலைச் சிவப்புப் பந்துக்கான கோர்ட்டின் நீளம் சுமார் 11 மீட்டர். முழுக் கோர்ட் 23.77 மீட்டர். எட்டு வயதுப் பிள்ளைக்கு முழுக் கோர்ட்டில் மஞ்சள் பந்து போடும் கோச், அவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும், முதல் கோச்சாக இருக்கத் தகுந்தவர் அல்ல. பெரிய அளவில் ஆடியவருக்குத்தான் ஆட்ட நெருக்கடி தெரியும் என்பார்கள். அந்த அனுபவம் பதினாறு வயதில் மிகவும் உதவும். தொடக்கத்தில் வேண்டியது தவற்றைக் கண்டுபிடிக்கும் கண். ரஃபேல் நடாலை வளர்த்தெடுத்த சித்தப்பா டோனி நடால் சர்வதேச அளவில் பெயர் பெற்ற ஆட்டக்காரர் இல்லை.

ஆகவே பணம் கட்டுமுன் அவர் வேறொரு பிள்ளைக்கு எடுக்கும் வகுப்பை முழுதாகப் பாருங்கள். சர்வீஸ் எப்போது தொடங்குகிறது, பிள்ளை எத்தனை பாயிண்ட் ஆடுகிறது, ஒரு தவறு நடந்தால் அவர் ஒரே ஒரு திருத்தம் சொல்கிறாரா, ஐந்து சொல்கிறாரா என்று கவனியுங்கள். வாரம் முழுக்கத் தனிவகுப்பு தேவையில்லை. ஒரு நாள் கோச், மற்ற நாள்களில் ஒத்த வயதுப் பிள்ளையோடோ கிளப்பில் ஆட்டத்துணையாக வரும் மார்க்கரோடோ ஆட்டம் என்றால் செலவும் குறையும், ரிட்டர்னும் பழகும்.